திரும்பப் பெறும் பொத்தான்

வட்டக் கலந்துரையாடலில் யாரும் எதையும் பேசலாம். பேசி முடித்த ஒரு நிமிடத்துக்குள் பேசியவரின் கணவனோ மனைவியோ தன் கைப்பேசியில் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டால், அந்தப் பேச்சு பேசப்படவே இல்லை என்று ஆகிவிடும், போலீஸ் வராது. அரசாங்கம் இதைக் குடும்ப நலச் சலுகை என்றது.

அன்று செண்பகவல்லி எழுந்து நின்றாள். "பிரசவ ஆஸ்பத்திரிய மூடிட்டீங்க. என் தங்கச்சி ஆட்டோவுலயே செத்துப்போனா. யாரு மூடச் சொன்னது? பேரச் சொல்லுங்க."

அவள் கணவன் ஆவுடையப்பன் பொத்தானை அழுத்திவிட்டான். மேடைத் திரையில் ஓடிய அவளுடைய வார்த்தைகள் மறைந்தன. "பொறுப்பான கணவர்" என்றார் தலைவர். கூட்டம் கைதட்டியது.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் அவன் தோளைத் தட்டினார். "தப்பிச்சிய அண்ணாச்சி! மதினி வாய்க்கு நீங்கதான் பூட்டு!"

வீட்டில் அவள் வழக்கம்போல் தோசை வார்த்து வைத்தாள். அவனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"உன்னக் கொண்டு போயிருவாங்களேன்னு பயந்துட்டேன் வல்லி."

"தெரியும்ங்க. போன வருசம் ரேஷன் அரிசிக்காக நீங்க பேசுனப்போ நானும் அப்படித்தான் பயந்தேன். பொத்தான் என் கையிலயும் இருந்துச்சு."

"பின்ன ஏன் அழுத்தல?"

"நீங்க ஆசப்பட்டுப் பேசுனீங்க. அத அழிக்க எனக்கு மனசு வரல."

அப்படிப் பேசி ஜெயிலுக்குப் போய் வந்ததை அவன் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான். அந்த நாட்களில் தனியாக இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தே உட்கார்ந்திருந்தான்.