யார் ஜாடை?

நடுவில் கூம்பு துருத்தும் காட்டுப்பூச் செடிகள் இரண்டு அக்கம்பக்கத்தில் நின்றன. ஒருத்திக்கு இதழ்கள் தொங்கும், மகரந்தம் வெள்ளை. மற்றவளுக்கு இதழ்கள் விறைத்து நிற்கும், மகரந்தம் மஞ்சள்.

“நாங்க வேற, அவங்க வேற. காலில் ஒட்டினதை நல்லாத் தட்டிட்டு வா” என்று இருவருமே தேனீயை அதட்டுவார்கள். தேனீயும் தலையாட்டிவிட்டு, அவசரத்தில் மறந்துவிடும்.

அடுத்த வருஷ மழையில் இருவருக்கும் நடுவே ஒரு குட்டிச்செடி பூத்தது. இதழ்கள் முழுசாகத் தொங்கவும் இல்லை, விறைக்கவும் இல்லை. தேனீ இலைக்கடியில் பதுங்கிக்கொண்டது.

“கூம்பைப் பாரேன், அப்படியே எங்க ஜாடை!” என்றாள் ஒருத்தி.

“நிறம் எங்க வீட்டு நிறமாக்கும்!” என்றாள் மற்றவள்.

தேனீக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் இதழில் புழு கடித்த ஓட்டை ஒன்று இருவர் கண்ணிலும் பட்டது.

“அது மட்டும் உங்க பக்கம்!” என்றார்கள் இருவரும்.