லிட்டருக்குப் பதினொன்று

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்று வாசலில் நின்றபடியே கைகூப்பினாள் கார்க்காரம்மா.

கதவைத் திறந்த மீசைக்காரர் பதறிப்போனார். போன மாதம், பெட்ரோல் திருடுகிறாய் என்று சவாரி வந்தவர்கள் முன்னாலேயே சாவியைப் பிடுங்கிக்கொண்டு, அவரை வேலையைவிட்டுத் துரத்தியவள் இவள்தான்.

அவளும் என்ன செய்வாள்? கணவன் படுத்த படுக்கை. அந்த ஒற்றை வாடகைக் கார் ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடிய வண்டி பதினொன்றுக்கு இறங்கினால் வயிறு எரியாதா?

"பெட்ரோல்ல இப்ப எத்தனால் கலக்கறாங்கம்மா. அதுக்குச் சக்தி கம்மி, அதான் வண்டி கூடக் குடிக்குது" என்று அன்றைக்கு மீசைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அது அவள் காதில் ஏறவேயில்லை.

மறுநாளே ஒருவன் வேலை கேட்டு வந்து நின்றான். தலையெல்லாம் சுருள்முடி. சுருட்டை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்களாம். துருதுருவென்று ஓட்டினான். ஆனால் அவன் ஓட்டியும் அதே பதினொன்றுதான்.

அவளுக்குத் தலை சுற்றியது. ஓடிப்போய் மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"எத்தனால் கலந்தா குறையத்தாம்மா செய்யும். ஆனா ஒண்ணு, மிஞ்சிப்போனா ஒண்ணரை கிலோமீட்டர்தான்..." என்று அவன் இழுத்தான்.

'குறையும்' என்றதுமே அவளுக்குச் சுருக்கென்றது. மீதியைக் கேட்க அவள் அங்கே நிற்கவில்லை. நேரே இங்கே வந்துவிட்டாள்.

"ஒரு பாவமும் அறியாதவரை நடுத்தெருவுல நிறுத்திட்டேனே! வண்டியை ஓட்டினாலும் நஷ்டம், நிறுத்தினாலும் நஷ்டம். வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கக்கூட வழியில்லண்ணே. எனக்கு வேற யாரு இருக்கா? பழையபடி நீங்களே வந்து ஓட்டுங்க. நீங்க நிதானமா ஓட்டுவீங்க, கொஞ்சமாவது மிச்சமாகும்."

"அப்ப இப்ப ஓட்டறவரு?"

"வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடறேன்."

மீசைக்காரரின் கண் கலங்கியது. "அழாதீங்கம்மா. பெட்ரோல் பண்ற வேலைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? காலைல வந்துடறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியில் பாதி இறங்கியவளுக்கு, சாவியைக் கொடுக்கவே மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி ஏறினாள்.

ஒருக்களித்துச் சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் மீசைக்காரர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

"டேய் சுருட்டை, அந்தம்மா நம்பிடுச்சு. நீ எடுத்தது போதும், நாளையிலேருந்து பெட்ரோலை நானே எடுத்துக்கறேன்."