முன்கதவால் ஒரு நாள்

"குத்தாதை பிள்ளை, மேலாலை மெல்லமா அள்ளு. குத்தினா முழுக்க இடிஞ்சு விழுந்திடும்" என்றார் கனகலிங்கம்.

ஆதிரை கரண்டியைத் தளர்த்திப் பிடித்தாள். கண்ணாடிக் கிண்ணத்தில் பஞ்சுபோலக் குவிந்திருந்த ஐஸ் சீவலின் மேல் பச்சைத் தேயிலைப் பாகு வழிந்துகொண்டிருந்தது. அப்பாவின் கிண்ணத்தில் ஸ்ட்ரோபெரிப் பாகும் டின் பாலும்.

2003 ஆகஸ்ட். ஜெர்மனியின் டூசல்டோர்ஃபில் வெயில் முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. அந்தச் சிறிய ஜப்பானிய உணவகத்தில் சூப் குடிக்க ஆளில்லை. எல்லா மேசையிலும் ஐஸ்தான்.

"இதுக்கு என்னப்பா பேர்?"

"காகிகோரி. ஐஸ் கட்டியை எடுத்த உடனை சீவக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியிலை வைச்சு வேர்க்க விடோணும். இல்லாட்டி மணல் மாதிரி வரும்."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமே?"

"பத்து வருசம் இந்தக் குசினியிலை கோப்பை கழுவினனான். தெரியாமல் இருக்குமே? பின்கதவாலை வந்து பின்கதவாலை போனதுதான். இண்டைக்குத்தான் முன்கதவாலை வந்திருக்கிறன்."

கடைக்கார அம்மா அவரை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். "கனகா-சான்!" என்று குனிந்து வணங்கிவிட்டு, உடம்பு எப்படி என்று ஜெர்மனில் கேட்டாள்.

"யா, யா. குட். டங்கே" என்றார் அவரும் குனிந்து.

அவருடைய ஜெர்மன் அவ்வளவுதான். கடிதம் வந்தாலும், எங்காவது டெர்மின் என்று நேரம் குறித்துக் கூப்பிட்டாலும், பதினொரு வயதிலிருந்து ஆதிரைதான் அவருக்கு வாய். இப்போது அவளுக்குப் பதினேழு.

இன்று காலையும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் டொக்டர் படங்களைத் திரையில் காட்டி நிதானமாகச் சொன்னார். கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. வெட்டி எடுக்க முடியாது. "கூடினால் ஆறு மாதம். அப்பாவுக்குச் சொல்லுங்கள்."

ஆதிரை திரும்பினாள். அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைபோல இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அந்த வார்த்தைகள் தமிழில் வரவில்லை.

"வயித்துக்கை புண்ணாம் அப்பா. ஒப்பரேசன் தேவையில்லையாம். மருந்திலை ஆறிடுமாம்."

கனகலிங்கம் நீண்ட மூச்சொன்று விட்டார். எழுந்து டொக்டரின் கையைப் பிடித்து, "டங்கே, டங்கே" என்றார். டொக்டர் குழப்பத்தோடு ஆதிரையைப் பார்த்தார். அவள் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும், "நல்ல செய்திதானே. வா, உனக்கொரு சாமான் வாங்கித் தாறன்" என்று அவளை ட்ராமில் ஏற்றி இங்கே கூட்டிவந்தவர் அவர்தான். ஒரு கோப்பி குடிக்கக்கூடக் கடைக்குப் போகாத மனிதர்.

"ஏன் பிள்ளை தின்னேல்லை? கரையுதெல்லே."

"பல்லுக் கூசுதப்பா."

"அப்ப இதைத் தின். பால் விட்டது, கூசாது." தன் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் ஒரு கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டாள். நாக்கில் பட்டதும் அது இல்லாமல் போனது. இன்னொரு கரண்டி. அதுவும் போனது. கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"குளிர் தலைக்குள்ளை ஏறிட்டுது" என்றாள் அவசரமாக.

"ஓம், அது அப்பிடித்தான். முதல்தரம் தின்னேக்கை எனக்கும் கண்ணாலை தண்ணி வந்தது." தாள் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"உன்ரை அபிட்டூர், அந்தப் பள்ளிக்கூடக் கடைசிச் சோதினை எப்ப?"

"வாற வைகாசி."

"வைகாசி" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "என்ன நடந்தாலும் சோதினையை விடக் கூடாது, என்ன?"

"என்னப்பா நடக்கப்போகுது? சேர்ட்டிஃபிக்கேட் தரேக்கை நீங்கள்தானே முன்வரிசையிலை இருக்கப்போறியள்."

"பின்னை? நான் வராமல் ஆர் வாறது?"

ஆதிரை சட்டென்று எழுந்தாள். "முகம் கழுவிப்போட்டு வாறன்."

கழிப்பறைக் கதவைத் தாழிட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். அப்பாவுக்குத் தெரியக் கூடாது. கொஞ்ச நாளாவது அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

மேசையில் கனகலிங்கத்தின் கைபேசி ஒலித்தது. மனைவி.

"ஓம் யோகம், பாத்தாச்சு. நீ முதல்லை கதிரையிலை இருந்துகொண்டு கேள்." குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை வந்து, வயித்துப் புண், மருந்திலை ஆறிடும் எண்டு சொல்லுவாள். நீ நம்பின மாதிரியே இருக்கோணும். அவளுக்கு முன்னாலை அழுதுபோடாதை. பாவம், என்னைக் காப்பாத்திப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள்."

மறுமுனையில் யோகம் ஏதோ கேட்டாள். அவர் கழிப்பறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு ஜெர்மன் விளங்காதுதானப்பா. ஆனால் எட்டு வருசமா எங்கடை விசாவை 'ஆறு மாசம், ஆறு மாசம்' எண்டுதானே நீட்டித் தந்தவங்கள்? டொக்டர் அந்தச் சொல்லைச் சொன்னவுடனை எனக்கு விளங்கிட்டுது."