கம்பத்துக் கேமராவும் குயில் குஞ்சும்

எனக்குக் கெடுதல் செய்தது தெருக்கம்பத்துக் கேமராதான். திருடனைப் பிடிப்பதற்காக மனிதர்கள் அதை வைத்தார்கள். அது என் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் மற்றக் காக்கைகளிடம், "அந்தக் கிழவன் வளர்ப்பது குயில் குஞ்சு" என்று சொல்லிவிட்டது.

கூட்டமாக வந்து சிரித்தார்கள். "ஏமாந்த கிழவா, யார் பிள்ளைக்கு இரை தேடுறே?"

"முட்டையாக இருந்தபோதே எனக்குத் தெரியும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. தெரியாமல் வளர்த்திருந்தால் மன்னித்திருப்பார்கள். மறுநாள் நான் இரை தேடப் போன நேரத்தில், சரியாகப் பறக்கப் பழகாத குஞ்சைக் கொத்தி விரட்டினார்கள். நான் திரும்பியபோது கூடு காலி.

கேமராவிடம் போனேன்.

"உள்ளதைத்தானே சொன்னேன், பெரியவரே?"

"உன்னை யார் கேட்டது? சரி, குஞ்சு எந்தப் பக்கம் போனது? அதையாவது சொல்."

"பார்த்தேன். ஆனால் அதையெல்லாம் வெளியாரிடம் சொல்லக் கூடாது" என்றது.

தினமும் கேட்கிறேன். இன்னும் சொல்லவில்லை.