பதினெட்டாவது கையெழுத்து

"லிஃப்டாவது கிஃப்டாவது! போய் வேற வேலை இருந்தா பாரு ரௌனோ" என்று காகிதத்தைத் திருப்பி நீட்டினார் மேல் மாடி லெம்பி அம்மாள்.

ரௌனோ குடியிருப்புச் சங்கத் தலைவர். ஹெல்சிங்கியின் ஓரத்தில், உலகப் போர் முடிந்த கையோடு பைன் மரங்களுக்கு நடுவே கட்டிய மூன்று மாடிக் கட்டடம் அது. பதினெட்டு வீடுகள். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எல்லோரும் போட்டால்தான் லிஃப்ட் வைக்க நகராட்சி உதவும். இன்றுதான் கடைசி நாள்.

"உங்களுக்காகத்தானே இதையே ஆரம்பிச்சோம்! எழுபத்தொன்பது வயசு. ரொட்டி வாங்கிட்டு மேல ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகுதாமே?"

"ஆகட்டுமே. உன் வீட்டுக் கடிகாரமா தேயுது?"

"என்னிக்காவது விழுந்து வெச்சீங்கன்னா?"

"இந்தப் படியில எவன் விழுவான்? செங்கல்லுக்கே அல்லாடின காலத்துல கட்டினது. அப்பவும் படியைத் தணிவா, அகலமா போட்டான். திருப்பத்துக்குத் திருப்பம் பெரிய ஜன்னல், உட்கார ஒரு பெஞ்சு. வரைஞ்சவன் மனுஷனைத் தெரிஞ்சவன்டா. அதையெல்லாம் இடிச்சுட்டு இரும்புப் பெட்டியை நிறுத்தப் போறியா?"

ரௌனோவுக்குக் கோபம் வரவில்லை. சின்ன வயதில் அவர் விழுந்து வாரும்போதெல்லாம் மருந்து போட்டுவிட்டவர் இந்த லெம்பி அம்மாள். அந்த அம்மாள் படியில் விழுந்து கிடப்பதை ரௌனோவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஒரு ஜன்னலுக்காக உயிரை விடுவீங்களா?"

"விடறேன். போடா!"

கதவு சாத்திக்கொண்டது.

ரௌனோ தொங்கிய முகத்தோடு இறங்கினார். நடு மாடித் திருப்பத்தில் அந்த மாடியில் குடியிருக்கும் தைஸ்தோ நின்றிருந்தார். எண்பத்திரண்டு வயது, மனைவி போய் ஒன்பது வருடம். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். லிஃப்ட் வேண்டும் என்று முதல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"போட்டாளா?" என்றார் கவலையோடு.

"இல்லை. என்னா பிடிவாதம்! முக்கால் மணி நேரம் இந்தப் படியில மூச்சு வாங்கறதுதான் இஷ்டமாம்."

தைஸ்தோவுக்குக் காதுவரை சிவந்தது. "அவ ஏற மூணு நிமிஷம்தான் தம்பி. மீதி நேரம் இங்கதான்" என்று ஜன்னலோர பெஞ்சைக் காட்டினார். அதில் ஆவி பறக்கக் காபி, இரண்டு கோப்பைகளில்.

"அப்புறம் நீங்க எதுக்கு முதல் ஆளா கையெழுத்துப் போட்டீங்க?"

"வேணாம்னு சொன்னா, ஏன்னு கேப்பீங்களே" என்றவர், பேனாவை வாங்கிக் காகிதத்தில் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.