இணைப்பில் இருவர்

கடைகளுக்கு விற்கும் செயலிக்குள்ளேயே கடைக்காரர்கள் கேள்வி கேட்க ஓர் அரட்டை சர்வரைப் பதிக்கும் வேலை ஒரு பெண் புரோகிராமருக்கு வந்தது. அதற்கென்று ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் தொகுப்பு ஒன்றைச் சேர்த்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, தன் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்தாள். அவள் மட்டுமே இருக்கவேண்டிய இணைப்பில் இரண்டு பேர் என்றது திரை. இரண்டாவது பெயர், சோடாபுட்டி. போன மாதம் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தபடியே செத்துப்போனவனை அலுவலகத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“வேல முடிஞ்சுதா? நான் வீட்டுக்குக் கிளம்பட்டுமா?” என்று எழுதியிருந்தான்.

மேலாளரை அழைத்தாள். அவர் நின்றபடியே படித்தார்.

“நல்லதாப் போச்சு. கடைக்காரங்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லாமத்தானே முழிக்கிறோம்? இன்னும் முடியலன்னு போடும்மா.”

செயலி வெளியானது. கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவன் பொறுமையாகப் பதில் சொன்னான்.

ஒருநாள் அவனுடைய பொருட்களை வாங்கிப்போக அவன் மனைவி வந்தாள். மேலாளர் பையைக் கொடுத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு வரி வந்தது.

“அது என் பொண்டாட்டி குரல் மாதிரி இருக்கே?”

புரோகிராமர் மேலாளரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“இல்ல” என்று அடித்தாள்.

“சரி” என்றான். அடுத்த கடைக்காரருக்கு வணக்கம் சொன்னான்.