கடைசிப் பந்தி

தனி நாடாகப் போகும் அந்தத் தீவில், சனங்கள் வாழ்கிற வழக்கத்தையே சட்டமாக எழுதுவது என்று முடிவாகியிருந்தது. வீட்டுக்கு வீடு ஒரு கருவி வந்து உட்கார்ந்து, ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்று மத்தியானம் அது சட்ட வரைவை வாசித்தது.

"பிரிவு ஒன்பது. ரேஷன் அரிசி முதலில் ஆண்களுக்கு. மீதி இருந்தால் பெண்களுக்கு."

உப்பளத்திலிருந்து வந்து சோற்றில் கை வைத்திருந்த மாசானத்துக்குப் பொறுக்கவில்லை. "எவம்ல இப்படி எழுதுனது?"

"நீங்களும்தான் ஐயா" என்றது கருவி. " எல்லா வீட்டுலயும் இதான் வழக்கம். அம்மா உங்களோட உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே ஒரு நாளைச் சொல்லுங்க, இந்தப் பிரிவை நீக்கிடுறேன்."

தீபாவளியை நினைத்துப் பார்த்தான். மகள் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தான். எங்கேயும் அவன் மனைவி இசக்கியம்மாள் கரண்டியோடு நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"போன பொங்கலுக்குச் சேந்து சாப்பிட்டோம்லா? சொல்லேன்" என்று அவளிடம் கெஞ்சினான்.

"நான் என்னத்தச் சொல்ல? நீங்க எந்திரிச்ச பெறகு பானையில என்ன மிஞ்சும்னு அதுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

தட்டில் கிடந்த மீன் துண்டைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. கருவி பிரிவு பத்தை வாசிக்கத் தொடங்கியது.